கறுப்பெண்ணெய் மறந்த கால்

கட்டடங்களுக்குச் சரித்திரம் எழுதியவர்கள் எல்லாரும் வாசல் வழியாக உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து எழுதியவர்கள். கட்டடத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சரித்திரம் சொன்னவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். அவர் பெயர் கறுப்பெண்ணெய்.

பெற்றவர்கள் வேறு ஏதாவது நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அது என்னவென்று அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஒரு தடவை கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதெல்லாம் கப்பல்லயே வாந்தியோட போயிருச்சு ரைட்டரே" என்றார்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். ரங்கூனில் மொகல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு ஜாகை, பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. தினமும் காலையில் ரயிலேறி, இன்சீனைத் தாண்டிப் போய், ஒரு சின்ன ஜில்லாத் தலைநகரில் இறங்குவேன். அங்கே கோர்ட்டுக் கட்டடத்தில்தான் டெப்டி கமிஷனர் துரையின் ஆபீஸும் இருந்தது. அதில் நான் நகல் எழுதுகிற குமாஸ்தா. வேலை நிரந்தரமில்லை. ஊர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

தலைநகர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஸ்டேஷன், ஒரு கடைத்தெரு, ஒரு குளம். குளத்தைச் சுற்றிக் கோர்ட்டு, கஜானா, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பெரிய அதிகாரிகள் வந்தால் தங்குகிற பங்களா. அவ்வளவுதான். ஒருவன் ஸ்டேஷனில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிளம்பினால், சுருட்டு அணைவதற்குள் தலைநகரம் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

கஜானா ஒன்றுதான் செங்கல். மற்ற எல்லாம் மரம். மழைக்கும் பாம்புக்கும் பயந்து, பர்மாவில் மரக் கட்டடங்களைக் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கால்களின் மேல் நிறுத்துவார்கள். அந்தக் கால்கள் மண்ணில் மக்கிப் போகாமல், கரையான் ஏறாமல் இருக்க வேண்டுமே? அதற்காக வருஷத்துக்கு ஒரு முறை, மழை தொடங்குவதற்கு முன்னால், பூமியிலிருந்து எடுத்தபடியே சுத்தம் செய்யாத கறுப்பு எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து, தேங்காய் நார் மட்டையால் காலுக்குக் கால் பூசுவார்கள். பாகு மாதிரி இருக்கும். நாற்றம் அடுத்த ஸ்டேஷன் வரை போகும். எங்கள் ஊரில் அந்தப் பூச்சுக்கு மேஸ்திரி நம்ம ஆள்.

ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை கறுப்பு, முழங்கால் வரை கறுப்பு, நடுவில், பர்மாக்காரர்கள் கட்டும் கைலியான லோஞ்சி, அதுவும் கறுப்பு. அந்த லோஞ்சி வாங்கும்போது என்ன நிறம் என்று ஆபீஸில் பந்தயமே நடந்தது. அவர் உடம்பில் கறுப்பு ஒட்டாத ஒரே பொருள், இடுப்பு வாரில் குத்தியிருந்த பித்தளை வில்லை. சர்க்கார் மேஸ்திரி என்பதற்கு அடையாளம். தினமும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். கொசு அவர் பக்கம் வராது. அவர் சுருட்டை வாயில் வைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் நாலடி தள்ளிப் போவார்கள். ஆள் எண்ணெயில் ஊறியவர், குப்பென்று பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம்.

கோர்ட்டுக்கு அறுபத்துநாலு கால். ஒவ்வொரு காலுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். குள்ளமாக முடிச்சு விழுந்தது மூக்கையன். மேலே யார் நடந்தாலும் முனகுவது மாமியார். பருத்துப் போனது செட்டியார். நேராக, வழவழவென்று நின்றது சிவகாமி. சாட்சிக் கூண்டுக்குக் கீழே நின்ற காலுக்கு அரிச்சந்திரன் என்று வைத்துவிட்டு, "இவன் மேலே ஏறி நின்னு ஜனங்க பேசுறதைக் கேட்டா எனக்கே கூச்சமா இருக்கு" என்பார்.

முப்பது வருஷமாக அடியிலேயே கிடந்ததால் அவருக்கு மனிதர்களைக் காலடிச் சத்தத்தில்தான் தெரியும். முகம் பார்த்தால் குழப்பம். கடைத்தெருவில் எதிரே வந்தால், "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்பார். நடந்து காட்டினால், "அட, நம்ம சின்ன ரைட்டரு!" என்று சிரிப்பார். எனக்கு ஆபீஸில் அதுதான் பெயர். ஹெட் கிளார்க் பெரிய ரைட்டர், நான் சின்ன ரைட்டர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"நேத்து மத்தியானம் மேஜைக்குக் கீழே செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு ஒரு மணி நேரம் தூங்கினீங்களா?"

"யார் சொன்னது?"

"சிவகாமி சொல்லுச்சு."

அன்றிலிருந்து நான் செருப்பைக் கழற்றாமல் தூங்கப் பழகிக்கொண்டேன்.

இப்படி ஊர்க் கட்டடம் அத்தனையையும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த மனிதர், ஒரு கட்டடத்தின் மாடிப்படியைக்கூட மிதித்ததில்லை. மிதிக்க விட்டால்தானே? கோர்ட்டுப் பியூன் கோ டுன் என்று ஒரு பர்மியர். தேக்குப் படிகளை முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்திருப்பார். கறுப்பெண்ணெய் முதல் படிக்குப் பத்தடி தூரத்தில் வந்தாலே, "மயபூ! மயபூ!" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவார். முடியாது, கூடாது, கிட்டே வராதே என்று எல்லாம் சேர்ந்த வார்த்தை அது. கறுப்பெண்ணெய் சட்டை செய்யமாட்டார். "மேலே என்ன பெரிசா இருக்கு? எல்லாரும் என் தலைக்கு மேலேதானே உக்காந்திருக்கீங்க" என்று குனிந்து தன் ராஜ்ஜியத்துக்குள் போய்விடுவார்.

நான் சேர்ந்த வருஷமே புது டெப்டி கமிஷனர் துரை வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மூக்கு பொல்லாத மூக்கு. பங்குனியில் பூச்சு வேலை நடந்தபோது, தன் அறையில் தும்மித் தும்மிக் கண் சிவந்து, ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டுக் கத்தினார். ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, கீழே போய் அந்த ஆளிடம் சொல்லு. துரை நாற்காலிக்கு நேர் கீழே இருக்கிற காலை மட்டும் இப்போ விட்டுடச் சொல்லு. துரை சுற்றுப்பயணம் போனதும் நீயே போய்ப் பூசச் சொல்லிடு. மறந்துடாதே."

நான் போய்ச் சொன்னேன். கறுப்பெண்ணெய்க்கு முகம் வாடிவிட்டது. "ரைட்டரே, துரை கை கழுவுற தொட்டித் தண்ணி இந்தக் கால்லதானே ஒழுகுது? இதுக்குத்தானே முதல்ல பூசணும்?"

"துரை கிளம்பினதும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"சரி. மேலேருந்து வந்த உத்தரவு. மேலேருந்து ஆள் வந்து சொன்னாத்தான் கை வைப்பேன்."

அதில் அவர் கண்டிப்பானவர். சர்க்கார் உத்தரவைக் கொண்டுவந்தவனேதான் வந்து எடுக்கவேண்டும் என்பது அவர் சட்டம். துரை பத்து நாளில் சுற்றுப்பயணம் போனார். நான் அன்றைக்கே ரங்கூனுக்கு ரயிலேறி, தண்ணீர்த் திருவிழாவில் நனைந்து, காய்ச்சலில் படுத்து, எழுந்து வந்து, மறந்தே போனேன்.

அடுத்த வருஷமும் அவர் கேட்டார். "ரைட்டரே, அந்தக் கால்?"

"சொல்றேன், சொல்றேன்."

அதற்கடுத்த வருஷமும் கேட்டார். கையில் கட்டுக் கட்டாகக் காகிதம் வைத்திருந்தேன். "சொல்றேன்னேனே!" என்று எரிந்து விழுந்தேன். அவர் குனிந்து உள்ளே போய்விட்டார். ஒரு நாளைப் போல அந்தக் காலில் ஏறுகிற கரையானைக் கையால் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்றாவது வருஷக் கடைசியில்தான் வினை வந்தது. ரங்கூனிலிருந்து ஓர் இஞ்சினீர் துரை வந்தார். கோர்ட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், கைத்தடியால் நாலு தட்டுத் தட்டினார். "கிழட்டுக் கட்டடம். இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டலாம். அதுவும் இங்கே வேண்டாம், அடுத்த ஊரில் கட்டலாம்" என்று எழுதிவிட்டார். கோர்ட்டே போய்விட்டால் ஊரில் என்ன மிச்சம்? மனு எழுதுபவர், டீக்கடைக்காரர், மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா விற்பவள் எல்லாரும் நடுங்கினார்கள்.

எங்கள் துரைக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பிரியம். கமிஷனருக்கு எழுத வேண்டும், அதோடு சேர்க்க இந்த ஊர்ச் சர்க்கார் கட்டடங்களின் சரித்திரத்தை நாலு பக்கத்தில் எழுதிக்கொண்டு வா என்று என்னிடம் சொன்னார். அந்தச் சமயம் எனக்கும் ஒரு கண்டம். ஆற்றுக்கு அக்கரையில் சீரியத்தில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: வேலை நிரந்தரம் என்று காகிதம் வந்தால் தாலி, இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை. அந்தக் காகிதம் துரையின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. விடுவேனா? சரித்திரம் எழுதக் கிளம்பிவிட்டேன்.

பழைய காகிதங்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். கஜானாவின் செங்கல் அறையில் பத்திரமாக இருக்கின்றன என்றார்கள். போய்ப் பெட்டியைத் திறந்தால், உள்ளே பெட்டி வடிவத்தில் கரையான் புற்று. சரித்திரத்தைப் பூராவும் படித்து முடித்திருந்தது.

கறுப்பெண்ணெயிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கால் இல்லாத கட்டடத்தை நம்பினா அப்படித்தான். உக்காந்தது உக்காந்தபடி கெடக்கு. அடியில என்ன நடக்குதுன்னு எவன் பார்க்கிறது? வாங்க, படுங்க. நான் சொல்றேன்."

மூன்று நாள் மத்தியானம் கோர்ட்டுக்கு அடியில் பாயை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"முதல் கால் நட்ட அன்னிக்கு நான் மண் வெட்டுற கூலி. பர்மாக்காரத் தச்சரு கால் உச்சியில தேங்காய் வச்சுச் செவப்புத் துணி கட்டினாரு. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? அதே காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வச்சாங்க. துரை பார்த்தாரு. தானும் ஏதாவது செய்யணுமேன்னு தொப்பியைக் கழட்டி நின்னாரு. அதுக்கப்புறம் எட்டுத் துரை வந்தாச்சு. ரெண்டாவது துரைக்கு இடது கால்ல ஆணி. மூணாவது துரை எவனையாச்சும் தூக்குக்கு எழுதினா, எல்லாரும் போனப்புறம் முட்டி போட்டு உக்காந்திருப்பாரு. நாலாவது துரையோட அம்மா ஆபீஸ் இல்லாத நாள்ல வந்து, கோர்ட்டுல செருப்பில்லாம ஆடும்."

"ஆடுமா?"

"தனியா. மாமியார் முனகாத அளவுக்கு லேசான கால் அது ஒண்ணுதான்." துரை அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அஞ்சாவது துரைக்கு ஒருநாள் தபால் வந்துச்சு. அப்புறம் ஒரு வாரம் இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு. வீட்டுல யாரோ தவறியிருக்கணும். மேலே ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த வாரம் பூரா நான் அந்த அறைக்குக் கீழே மட்டை சத்தம் கேக்காமப் பூசினேன்."

மூன்றாம் நாள் நான் எழுந்திருக்கும்போது, "ரைட்டரே, அந்தக் கால் விஷயம்..." என்று ஆரம்பித்தார். நான் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்குப் பேசலாம் மேஸ்திரி" என்று ஓடினேன்.

சரித்திரத்தைப் பார்த்த ஹெட் கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டார். "கமிஷனருக்குப் போகிற காகிதத்தில் துரை காலில் ஆணி என்று எழுதுகிறாயே, உனக்கு மூளை இருக்கா?" ஆனால் அதற்குள் துரை அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஆணி வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்தாவது துரை வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "இந்த மனிதன் இத்தனை வருஷம் என் காலுக்குக் கீழேயா இருந்தான்? மேலே வரச் சொல்" என்றார்.

இஞ்சினீர் துரை மறுபடி வந்தபோது ஏற்பாடு இதுதான். மேலே அவர் எந்த இடத்தைக் காட்டுகிறாரோ, அதற்குக் கீழே நிற்கும் கால் எது என்று கறுப்பெண்ணெய் சொல்ல வேண்டும். கீழே கூலிகள் அந்தக் காலில் துளை போட்டு, உள்ளிருந்து வரும் தூளை மேலே அனுப்ப வேண்டும். "எண்ணெய் பூசியும் உள்ளே மக்கியிருந்தால் மரத்தின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். ஒரு கால் மக்கியிருந்தாலும் போதும், இடிக்க வேண்டியதுதான்" என்றார் இஞ்சினீர். எங்கள் துரையும் ஒப்புக்கொண்டார். ஊரே கோர்ட்டு வாசலில் கூடிவிட்டது.

அன்று கறுப்பெண்ணெய் மூன்று தடவை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெள்ளை லோஞ்சியில் வந்தார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வில்லை மட்டும் மின்னியது. கோ டுன் படிக்குப் படி பழைய பேப்பரை விரித்துவிட்டு, ஏற்கெனவே அழுதுவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தார். பேப்பர் பேப்பராக மிதித்து மேலே வந்த கறுப்பெண்ணெய், கூடத்தைப் பார்த்ததும் அப்படியே திகைத்துப்போனார்.

"ரைட்டரே, இது எந்தக் கட்டடம்?"

"நம்ம கோர்ட்டுதான் மேஸ்திரி."

"இல்லீங்க. இங்க கால் ஒண்ணையும் காணோமே?"

பாவம், கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தால் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாம் அவர் வழியை மறைத்தன. ஜன்னலைப் பார்த்து வாசல் என்று நினைத்தார். இஞ்சினீர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கறுப்பெண்ணெய் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெறுங்காலால் தரையைத் தடவி, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங்! இவன் மூக்கையன். நாலாவது வரிசை, ரெண்டாவது ஆளு. வணக்கம்டா."

அப்புறம் பிடிக்கவா முடியும்? கண்ணை மூடியபடி அறை அறையாகப் போனார். இஞ்சினீர் தடியால் காட்டுவார், இவர் தட்டுவார், பெயரும் வரிசையும் சொல்வார், நான் இங்கிலீஷில் சொல்வேன், கீழே துளை விழும், பொன் நிறத்தில் உலர்ந்த தூள் தட்டில் வைத்து மேலே வரும். செட்டியார், சிவகாமி, அரிச்சந்திரன், மாமியார் எல்லாரும் தேறினார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது, பெயர்களுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டு ரசித்தார். பதினொரு கால் ஆயிற்று. இஞ்சினீருக்கே சலித்துவிட்டது. "கடைசியாக இது" என்று தடியை நீட்டினார். துரையின் நாற்காலி.

கறுப்பெண்ணெய் போனார். தட்டாமலே வரிசையை மட்டும் சொன்னார். கண்ணைத் திறந்தார்.

எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் அவர் வந்து வந்து கேட்டதும், நான் சொல்றேன் சொல்றேன் என்றதும் எல்லாம் சேர்ந்து வந்தது. கீழேயிருந்து தட்டு வந்தது. அதில் தூள் இல்லை. கறுத்த, ஈரமான சக்கை.

"பார்த்தீர்களா?" என்றார் இஞ்சினீர். "இத்தனை எண்ணெய்க்கு அப்புறமும் மரம் மக்கிவிட்டது. மற்றவையும் இன்றைக்கோ நாளைக்கோ இப்படித்தான்."

எங்கள் துரை முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். "இந்தக் காலுக்கு எண்ணெய் பூசினானா? கேள்."

"மேஸ்திரி... இதுக்கு எண்ணெய் பூசினீங்களான்னு துரை கேக்கிறார்."

"பூசலைன்னு சொல்லுங்க."

சொன்னேன். இஞ்சினீர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பூசவில்லை?"

"ஏன்னு கேக்கிறாங்க மேஸ்திரி" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். நடந்து காட்டாமலே அன்று என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"நான் மறந்துட்டேன்னு சொல்லுங்க."

"வேண்டாம் மேஸ்திரி. நான்தான் மறந்தேன்னு சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? துரை மேஜையில உங்க காகிதம் கெடக்கு. சீரியத்துல ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு. மேலே இருக்கிறவங்க மறந்தா வேலை போயிரும். நான் மறந்தா என்னா? கீழே கெடக்கிறவனைக் கீழேதானே அனுப்புவாங்க."

"நீங்க ஒரு காலைக்கூட விட்டதில்லைன்னு ஊருக்கே தெரியும்!"

"இப்போ விட்டுட்டேன்னும் தெரியட்டும். கோர்ட்டு நிக்கணுமில்ல? மரம் நல்ல மரம், மனுஷன்தான் மறந்துட்டான்னு சொல்லுங்க. சீக்கிரம். துரை மூஞ்சியைப் பாருங்க."

"என்ன சொல்கிறான் இவ்வளவு நேரம்?" என்று துரை கேட்டார்.

அறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் இருந்தார், ஹெட் கிளார்க். எல்லாம் அவர் காதிலும் விழுந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை முதல் தேதியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

நான் சொன்னேன். இங்கிலீஷில், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அந்தக் காலுக்கு எண்ணெய் பூச மேஸ்திரி மறந்துவிட்டாராம்.

இஞ்சினீர் நோட்டை மூடிவிட்டார். அப்படியானால் குற்றம் மரத்தின் மேல் இல்லை, ஒரு காலை மாற்றினால் போதும், கட்டடம் இன்னும் வெகு காலம் நிற்கும் என்றார். வெளியே விஷயம் போனதும் ஊரே ஆரவாரம் செய்தது. துரை மட்டும் கறுப்பெண்ணெயை வருத்தத்தோடு பார்த்து, "உன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்தேனே" என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"சரிங்கன்னு சொல்லுங்க" என்றார் கறுப்பெண்ணெய்.

மறதிக்குத் தண்டனை இல்லாமல் இருக்குமா? ஒரு வருஷத்துக்கு மேஸ்திரி பட்டம் கிடையாது என்றார்கள். அவர் இடுப்பு வாரிலிருந்து வில்லையைக் கழற்றி, லோஞ்சியில் ஒரு தடவை துடைத்து, துரையின் மேஜையில் வைத்தார். படியிறங்கும்போது பேப்பரைப் பார்க்காமல் வெறும் தேக்குப் படியில் மிதித்துவிட்டார். எத்தனை சீயக்காய் போட்டால் என்ன, கறுப்பாக ஒரு காலடி விழுந்தது. கோ டுன்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் கத்தவில்லை. "மெதுவா போ, அகோ" என்று பர்மிய மொழியில் சொன்னார். அகோ என்றால் அண்ணன்.

அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கேலி. டீக்கடையில் ஒருவன், "மேஸ்திரி, சட்டையை மறந்துட்டு வந்துட்டீங்களே!" என்பான். இன்னொருவன், "வாய் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா? டீ ஊத்தட்டுமா?" என்பான். அவர் சிரித்துக்கொண்டு, "வயசாயிருச்சுல்ல" என்பார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. மறந்தது நான்தான். அவர் தன் ஆயுளில் எதையும் மறந்ததில்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. இந்த வாரப் பத்திரிகையை அவள் கண்ணில் படாமல் எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளை நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதிலிருந்தே காகிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று தெரிந்திருக்கும். கையெழுத்தான அன்றைக்குக் கடைத்தெருவில் அரை வீசை லட்டு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அடியில் குனிந்து போனேன். பங்குனி மாதம். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பழையபடி கறுப்பு, பழையபடி லோஞ்சி. இடுப்பில் வில்லை இல்லாத இடம் மட்டும் எனக்குத் தனியாகத் தெரிந்தது.

துரை நாற்காலிக்குக் கீழே புதுக் கால் நின்றது. பச்சை மரத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அவர் அதற்குத்தான் பூசிக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ சொல்ல நினைத்துப் போனேன். லட்டை நீட்டினேன். கை எண்ணெயாக இருந்ததால் வாயைத் திறந்தார். ஊட்டிவிட்டேன்.

"மன்னிச்சுக்கணும் மேஸ்திரி" என்றேன்.

"எதுக்கு?" என்றார். "நான்தான் அதை மறந்துட்டேனே."

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "இந்தப் புதுக் காலுக்குப் பேர் வைக்கலையா?" என்று கேட்டேன்.

"வச்சாச்சே. சின்ன ரைட்டர்."

அவர் மட்டையை எண்ணெயில் தோய்த்து, அடியிலிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்து, வழிந்ததை உள்ளங்கையால் தடவிவிட்டார்.

"நல்ல பயதான் ரைட்டரே. கொஞ்சம் மறதி. அதான் இவனுக்கு மட்டும் ரெண்டு கை கூடப் பூசுறேன்."